உப்புக்குச் சப்பாணி

பஸ் டிப்போ கேன்டீனில் அவள் எல்லோருக்கும் அக்கா. ஓய்வு பெறப் போகிற டிரைவருக்கும் அக்கா, நேற்றுச் சேர்ந்த கண்டக்டருக்கும் அக்கா. அவள் அக்கா ஆகிவிட்டதால் அவளைக் கட்டியவர் தானாகவே மச்சான் ஆகிவிட்டார். ஒரு டிப்போ முழுக்க மைத்துனர்கள் வாய்ப்பது சாதாரணக் கொடுப்பினை இல்லை. ஆனால் மைத்துனர்கள் எதற்கு இருக்கிறார்கள்? கிண்டல் செய்யத்தான். மரியாதை அவ்வளவும் அக்காவுக்குப் போனது, மச்சானுக்கு மிஞ்சியது கேலி.

கேலிக்குக் காரணமும் இருந்தது. கேன்டீன் இரண்டு பேர் பெயரிலும் நடந்தாலும் சமையல் முழுக்க அக்காவின் கை. மச்சான் சந்தைக்குப் போவார், காய் நறுக்குவார், மேஜை துடைப்பார், கல்லாவில் உட்காருவார். அடுப்புப் பக்கம் அவரை அவள் விட்டதே இல்லை. "நீங்க வெறும் தண்ணி கொதிக்க வெச்சாக்கூட அடி பிடிச்சிடும்" என்பாள். ஹாரன் என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவர் ஒருவர் இருந்தார். மனதில் பட்டதைப் பட்ட இடத்திலேயே அடித்துவிடுகிற வாய் அவருக்கு. அவர்தான் மச்சானுக்கு உப்புக்குச் சப்பாணி என்று பெயர் வைத்தார், ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொள்கிற பொடியனைச் சொல்வது போல. மச்சான் சிரித்துக்கொண்டே எச்சில் தட்டை எடுத்துப் போவார். உள்ளதைச் சொன்னால் கோபம் வருமா என்ன.

அக்காவின் பேரும் புகழும் ஒரு பானை சூப்பில் இருந்தது. பழுத்துக் கனிந்த தக்காளியும் எலும்பும் கிழங்கும் போட்டது, காலையிலிருந்து சின்னத் தீயில் கொதித்துக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். கண்ணை மூடுவாள். ஒரு சிட்டிகை உப்பு. மறுபடி ஒரு சொட்டு. அதோடு சரி, அப்புறம் அந்தப் பானையில் கை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. அந்தக் கேன்டீனில் மேஜை மேல் மிளகுத்தூள் உண்டு, உப்பு டப்பா மட்டும் கிடையாது. "என் மேஜையில உப்பு டப்பா வெச்சா, இவளுக்கு நாக்கு இல்லைன்னு போர்டு மாட்டின மாதிரி" என்பது அவள் சட்டம். விவரம் தெரியாமல் எவனாவது புது ஆள் உப்பு கேட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் அவனை முறைக்கிற முறைப்பில் அவன் கேட்டதையே மறந்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் சாப்பாடே பகையாகிப் போனது. முதலில் பானைக்கு முன்னால் நின்றால் தும்மல் வந்தது. மிளகு காரம் என்று விட்டுவிட்டாள். அப்புறம் சாப்பிட்டு எழுந்தால் கழுத்து திட்டுத் திட்டாகச் சிவந்தது. தலை பிளந்தது. வயிறு உப்பிக்கொண்டது. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும்போது ஹாரன், "அக்கா, உங்க இஞ்சின் நின்ன இடத்திலேயே ஓடுதே" என்பார். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். மூக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். இதய டாக்டர் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். இன்னொருவர், "மனசுல ஏதாவது கவலையாம்மா?" என்று கேட்டார். "ஆமா டாக்டர், கழுத்து சிவக்குதேன்னு கவலை" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்படியே வருஷங்கள் போயின.

கடைசியில் குடலுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகச் சொன்னார். "சாப்பாட்டுல ஹிஸ்டமின்னு ஒண்ணு இருக்கும்மா. சில பொருள்ல இயல்பாவே ஜாஸ்தி. புளிக்க வெச்சா, பழசானா, இன்னும் ஏறும். மத்தவங்க குடல் அதை உடைச்சுத் தள்ளிடும். உங்க குடலுக்கு அந்தச் சக்தி குறைஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன். தொட்டியில குழாய் திறந்திருக்கு, வடிகால் அடைச்சிருக்கு. வழியத்தானே செய்யும்?"

"அடைப்பை எடுத்துடலாமா டாக்டர்?" என்றார் மச்சான்.

"முதல்ல குழாயைக் குறைப்போம். குடல் தேறினா வடிகால் கொஞ்சம் திறக்கலாம். திறக்காமலும் போகலாம். இதுக்கு அடிச்சுச் சொல்ற மாதிரி டெஸ்ட்டும் இல்ல, மருந்தும் இல்ல. விட்டுப் பார்த்து, சாப்பிட்டுப் பார்த்து நாமதான் கண்டுபிடிக்கணும்."

நேர்மையான டாக்டர். மச்சானுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பொய் தேவைப்பட்டது.

தக்காளி கூடாது, கீரை கூடாது, கத்தரிக்காய் கூடாது. சீஸ், வினிகர், டப்பா மீன், சாக்லேட் கூடாது. நேற்று வைத்ததைச் சுட வைத்துச் சாப்பிடக் கூடாது. மணிக்கணக்கில் கொதித்த எலும்புச் சாறு கூடவே கூடாது. அக்காவின் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் விஷயம் டிப்போவுக்குத் தெரிந்தது. "ஹிஸ்டமினா? சாப்பிட இஷ்டமில்லைன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே" என்றார் ஹாரன். கேன்டீனே சிரித்தது, அக்காவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து மச்சான் பார்த்தது அதுதான் கடைசி.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடு கட்டியவர்கள் உண்டு. அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியது வயிற்றுக்காகவே. கொஞ்சம் தேறவும் செய்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்தான். போனில் எதைப் பார்த்தாலும் நம்புகிற ரகம். "எல்லா வியாதிக்கும் வேர் குடல்தான்க்கா. குடல்ல நல்ல கிருமி வளரணும்" என்று ஜாடியைத் திறந்தான். உள்ளே புளிக்க வைத்த முட்டைக்கோஸ். அவன் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் துரத்திவிட்டிருக்கலாம். பாதி நிஜம் என்பதுதான் கொடுமை. ஊரில் பத்துப் பேர் குடலுக்கு அது நல்லது, இவளுக்கு அது விஷம். தம்பி ஆசையாகக் கொண்டுவந்தானே என்று ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். சாயங்காலம் மூச்சு முட்டி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். தம்பி கட்டில் பக்கத்தில் நின்று, "கெட்ட கிருமி சாகும்போது அப்படித்தான் இருக்கும்" என்றான். மச்சான் வாழ்நாளில் யாரையும் வெளியே போ என்று சொன்னதில்லை. அன்று சொன்னார், ஜாடியையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு அக்காவை நோய் ஆண்டதா, பயம் ஆண்டதா என்று சொல்ல முடியாது. டாக்டர் விடச் சொன்னதை விட்டாள். சொல்லாததையும் விட்டாள். ஒரு நாள் தலை வலித்தால் அன்று சாப்பிட்டதில் ஒன்று போய்விடும். கடைசியில் சோறு, பூசணிக்காய், அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்கே வேகவைத்த கோழித் துண்டு, ஒரு ஆப்பிள் என்று நின்றது. உப்பையும் விட்டாள். உப்பை எவரும் தடுக்கவில்லை. "எதுக்கு வம்பு" என்று அவளாகவே விட்டாள். டாக்டர் கோபித்துக்கொண்டார். "நான் எடுக்கச் சொன்னதைவிட நீங்களா எடுத்ததுதாம்மா அதிகம். இப்படிக் குறைச்சுக்கிட்டே போனா குடலுக்கு எதுவுமே பழகாம போயிடும்." அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மறுபடி உப்பில்லாத பூசணிக்காயை வேகவைத்தாள். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஓடியது.

ஒரு மத்தியானம் சூப் கிண்ணங்கள் பாதி பாதியாகத் திரும்பி வந்தன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சான் பின்கட்டில் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்புச் சப்பில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தார். மறுநாள் மறைவாக நின்று கவனித்தார். அவள் மறக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள், நாக்கு நுனியில் வைத்தாள், உடனே துப்பி வாயைக் கொப்பளித்தாள். கண்ணை மூடினாள். "சரியா இருக்கு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மூடி போட்டாள். உப்பே படாத நாக்குக்கு அரை உப்பே ஜாஸ்தி. அவள் நாக்கு அவளுக்கே தெரியாமல் வேறு நாக்காகிவிட்டிருந்தது.

சொல்லிவிடத்தான் போனார். அவள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்த பூசணிக்காயை மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "நான் சாப்பிட முடியாட்டி என்னங்க, என் கைச் சாப்பாட்டை அத்தனை பேர் சாப்பிடறாங்களே. அது ஒண்ணு இருக்கறதாலதான் இந்தப் பூசணிக்காய் உள்ள இறங்குது" என்றாள். மச்சான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "தக்காளி தீர்ந்துபோச்சான்னு கேக்க வந்தேன்" என்றார்.

அன்று முதல் அவர் சட்டைப் பையில் ஒரு உப்புப் பொட்டலம் குடியேறியது. சமையலறையிலிருந்து பரிமாறும் இடத்துக்குப் பானையைத் தூக்கி வருவது அவர் வேலை. நடுவில் ஒரு வளைவு. அங்கே பானையை இறக்கி வைப்பார், உப்புப் போடுவார், கலக்குவார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கண் தானாக மூடிக்கொள்ளும். முதல் வாரங்களில் கூடியும் குறைந்தும் போனது. வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன், போகப் போக உலகத்தில் அந்த ஒரு பானைக்கு மட்டும் உப்புப் போடக் கற்றுக்கொண்டார். அதில் அவருக்குத் துளிப் பெருமையும் இல்லை. சொந்தப் பெண்டாட்டி பானையில் திருட்டுத்தனமாக உப்புப் போடுகிற பிழைப்பு என்ன பிழைப்பு என்றுதான் தோன்றும்.

அந்த வளைவில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்குகள் பார்த்தார்கள். மெக்கானிக்குகள் பார்த்தால் டிப்போவே பார்த்த மாதிரி. ஒரு நாள் ஹாரன் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "மச்சான், இன்னிக்கு உங்க கை கொஞ்சம் தூக்கல்" என்றார், அந்த வாயிலிருந்து வந்த ஒரே ரகசியப் பேச்சு. ஒருவருக்கும் சொல்லாதே என்று சொன்னால் அரை மணியில் ஊரைச் சுற்றிவிடும் அந்த டிப்போவில், இந்த ஒரு விஷயம் மட்டும் அக்கா காதுக்குப் போகாமல் இருந்தது. கிண்ணங்கள் காலியாக வருவதைப் பார்த்து அவள் நிம்மதியாக இருந்தாள். உப்புப் பெறாத விஷயம் என்பார்களே, அந்த உப்பை நம்பித்தான் அவள் நிம்மதி முழுக்க நின்றுகொண்டிருந்தது.

பிறகு டாக்டர், விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம் என்றார். பால் ஒத்துக்கொண்டது. முட்டை ஒத்துக்கொண்டது. அக்காவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. "என் சூப்பு எப்போ டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாயைக் கட்டியதெல்லாம் அந்த ஒரு கிண்ணத்துக்காகத்தான், அது மச்சானுக்கும் தெரியும். டாக்டர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். எலும்பு வேண்டாம், புதுத் தக்காளியில் சட்டென்று வேகவைத்தது, ஒரு சின்னக் கிண்ணம் மட்டும். "ஒரு மணி நேரம் கழுத்தைக் கவனிங்க. லேட்டாவும் வரலாம், ஆனா அதுவரைக்கும் வரலைன்னா நல்ல அறிகுறி."

அந்த நாள் காலை மச்சானுக்கு இரண்டு பயம். உடம்புக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். சூப்பில் உப்புக் குறைவதை அவள் நாக்கு கண்டுபிடித்துவிடுமோ என்று இன்னொரு பயம். அன்று பானை முழுக்கவே எலும்பில்லாமல் வைத்த அக்கா, முதல் கிண்ணத்தைத் தனக்கே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். துப்பவில்லை, கொப்பளிக்கவில்லை, விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. "அதே ருசிங்க. என் கை எங்கேயும் போகலை" என்றாள்.

மச்சான் கழுத்தைப் பார்த்தார். கிழங்கு நறுக்கிக்கொண்டே பார்த்தார், பாத்திரம் அடுக்கிக்கொண்டே பார்த்தார். "என்னங்க, கல்யாணத்துக்கு முன்னாடி பார்க்கற மாதிரி பார்க்கறீங்க" என்று அவள் கேலி செய்தாள். கழுத்து வெளுப்பாகவே இருந்தது. ஒரு மணி நேரம் தாண்டியது. அப்போதும் ஒன்றுமில்லை. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சட்டைப் பையை மறந்துபோனார். ஞாபகம் வந்தபோது அக்கா பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நான் தூக்கிட்டுப் போறேம்மா."

"விடுங்க. இன்னிக்கு என் சூப்பை நானே பரிமாறறேன்."

பானை வளைவைத் தாண்டி நிற்காமல் போனது. பின்னால் மச்சான் வெறுங்கையோடு போனார்.

மத்தியானக் கூட்டம் வந்தது. கரண்டியோடு அக்கா நிற்பதைப் பார்த்ததும் டிரைவர்கள் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் லேசாகத் தலையை அசைத்தார். புரிந்துகொண்டார்கள். ஒருவர் விடாமல் குடித்தார்கள். "அக்கா, பிரமாதம்" என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் அதிகமாகவே நடித்து இரண்டாவது கிண்ணம் வாங்கினார். அக்காவின் முகத்தில் பழைய களை வந்திருந்தது. இப்படியே இந்த ஒரு பந்தி முடிந்தால் போதும் என்று மச்சான் கல்லாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்.

பந்தி முடிகிற நேரத்தில் ஹாரன் வந்தார். வண்டி வழியில் நின்றுபோய்த் தாமதமாகி, பசியோடு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். யாரோ கிண்ணத்தை முன்னால் வைத்தார்கள். ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டுக் கல்லாவைப் பார்த்து அவருடைய வழக்கமான குரலில், "என்ன மச்சான், இன்னிக்கு உப்புப் போட மறந்துட்டீங்களா?" என்றார்.

எதிரில் இருந்தவர் மேஜைக்கு அடியில் அவர் காலை உதைத்தார். உதைக்காமல் இருந்திருந்தால் அது விளையாட்டுப் பேச்சு என்று போயிருக்கும். அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். குனிந்துகொண்ட தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்கிட்டதானே கேக்கணும். அவரை எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.

அக்கா மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். பாழாய்ப்போன கை, தானாகச் சட்டைப் பையைப் போய் மூடிக்கொண்டது. அவள் நடந்து வந்து, அந்தக் கையை விலக்கி, பொட்டலத்தை எடுத்தாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாம்மா" என்றார் மச்சான்.

அப்போதுதான் சிவப்பு வந்தது. தோள் எலும்பில் ஆரம்பித்து, கழுத்தில் ஏறி, காது வரை போனது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாத்திரை கொடுத்து, சாமான் அறையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். நெஞ்சு படபடப்பு அடங்கியதும் மச்சான் டாக்டருக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் சிவப்பு எப்போது வந்தது என்று கேட்டுக்கொண்டார். "மனசு கொதிச்சாலும் இதே சிவப்புதான் வரும். சூப்பா, அந்தப் பேச்சான்னு இங்கேயிருந்து என்னால சொல்ல முடியாது. உடம்பு ஒத்துக்கிட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு தோணுது. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

மச்சான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சூப்பு உனக்கு ஒத்துக்கிச்சும்மா. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அவன் வாயைத் திறக்கற வரைக்கும் உன் கழுத்துல ஒரு பொட்டு சிவப்பு இல்ல. இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்க்கலாமாம். டாக்டரே சொல்றாங்க."

"எனக்கு ஒத்துக்கிட்டா என்னங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "அவங்களுக்கு ஒத்துக்கலையே."

"உப்புதானேம்மா. நான் போடறேன். இத்தனை நாள் போட்ட மாதிரி."

"உங்களை உப்புக்குச் சப்பாணின்னு சொன்னப்பல்லாம் நானும் சேர்ந்து சிரிச்சேன்" என்றாள். "அது நான்தான்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு திட்டு திட்டிடு" என்று மச்சான் கெஞ்சினார். அவள் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

மறுநாள் காலை மச்சான் சந்தையிலிருந்து வந்தபோது கேன்டீன் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு மேஜையிலும், மிளகுத்தூளுக்குப் பக்கத்தில், ஒரு உப்பு டப்பா இருந்தது. புது டப்பாக்கள், வாய் வரை நிரப்பியவை. அக்கா அடுப்படியில் வழக்கம்போல நின்றிருந்தாள். அன்று அவள் உள்ளங்கையை நீட்டவே இல்லை. கரண்டியால் கிளறினாள், மூடி போட்டாள், ஒதுங்கிக்கொண்டாள்.

"நான் ஒரு சிட்டிகை போடவா?" என்று மச்சான் கேட்டார். முதல் தடவையாக நேருக்கு நேர் கேட்டார்.

"வேண்டாங்க. அதான் மேஜையில இருக்கே."

மத்தியானம் டிரைவர்கள் வந்தார்கள். டப்பாக்களைப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை. சப்பென்ற சூப்பைச் சத்தமில்லாமல் குடித்தார்கள். ஹாரன் டப்பாவைத் தன் கண்ணில் படாத மாதிரி தள்ளி வைத்தார். அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போட்டுக்குங்க. அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றாள். யாரும் அசையவில்லை. "அட, போட்டுக்குங்கன்னு சொல்றேன்ல."

ஹாரன் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு எந்தப் பக்கம் தலையை அசைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஹாரன் டப்பாவை இழுத்து, கிண்ணத்தில் உப்பைத் தூவிக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். எல்லா மேஜையிலும் டப்பா ஒரு சுற்று சுற்றி வருகிற வரைக்கும் அக்கா நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய பூசணிக்காயை அடுப்பில் வைத்தாள்.